காற்றுப் பிடித்த லைட்டர்

சுருட்டு பற்றவைப்பதற்கென்று செய்யப்படும் 'ஜெட் லைட்டர்', மூன்று தனித்தனி வேலைகளை ஒரே விரலழுத்தத்தில் செய்து முடிக்கும் சிறு பொறியாகும். அழுத்தத்தின் கீழ் திரவமாக அடைபட்டிருக்கும் பியூட்டேனை அளவாக வெளியே விடுவதும், அதை எரியத்தக்க விகிதத்தில் காற்றோடு கலப்பதும், அக்கலவை முனையைத் தாண்டும் கணத்தில் ஒரு மின்பொறியை அதனுள் பாய்ச்சுவதும் அம்மூன்று வேலைகள். இவற்றுள் எது பிசகினாலும் வெளியே தெரியும் விளைவு ஒன்றுதான்: சுடர் வருவதில்லை. ஆகவே உரிமையாளரும் 'லைட்டர் கெட்டுவிட்டது' என்ற ஒரே முடிவுக்கு வந்துவிடுகிறார். அம்முடிவோடு பழுதுபார்ப்பவரின் மேசைக்கு வந்துசேரும் லைட்டர்களுள் பெரும்பாலானவற்றில் உடைந்த பாகம் எதுவும் இருப்பதில்லை என்பதும், உள்ளே காற்று அடைபட்டிருப்பதோ, நுண்துளையில் அழுக்குப் படிந்திருப்பதோ, சுடர்த்திருகு அளவுக்கு மீறித் திறந்திருப்பதோதான் காரணமென்பதும், இத்தொழிலில் சில ஆண்டுகள் பழகிய எவரும் ஒப்புக்கொள்ளும் செய்திகளாகும். எந்தக் காரணத்தை முதலில் ஐயுற வேண்டும், எதைக் கடைசிவரை தொடாமல் விட வேண்டும் என்ற வரிசையை அறிந்திருப்பதே இத்தொழிலின் பெரும்பகுதி என்பதால், இக்கட்டுரையும் அவ்வரிசையிலேயே செல்கிறது.

சுருட்டுக்கு ஏன் இத்தகைய தனிக்கருவி வேண்டும் என்பதற்குச் சுருட்டின் பருமனே விடை. ஆங்கிலத்தின் 'செரூட்' என்ற சொல்லே தமிழின் 'சுருட்டு' என்பதிலிருந்து சென்றதுதான். திருச்சியும் திண்டுக்கல்லும் அதற்குப் பெயர்பெற்ற ஊர்கள். கியூபா முதலிய நாடுகளிலிருந்து வரும் சிகாரின் பருமன், ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அளக்கப்படுகிறது. 50 என்று குறிக்கப்பட்ட சிகாரின் விட்டம் ஏறத்தாழ 20 மி.மீ. இருக்கும். இவ்வளவு அகலமான வெட்டுமுகம் முழுவதும் ஒரே சீராகக் கனன்றால்தான் சுருட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து எரியாமல் நிற்கும். பஞ்சிலும் திரியிலும் நாஃப்தா ஊறி எரியும் ஜிப்போ வகை லைட்டரின் எண்ணெய் வாடை புகையிலையில் ஏறிவிடுகிறது. தீக்குச்சியோ மருந்து எரிந்து தீரும்வரை காத்திருக்கச் செய்வதோடு, காற்றடிக்கும் இடத்தில் நிற்பதும் இல்லை. தூய நிலையில் வாடையின்றி எரிவதும், காற்றுக்கு அசையாத கூர்மையான நீலச்சுடராகப் பாய்வதும் பியூட்டேனை இவ்வேலைக்கு ஏற்றதாக்கின.

பியூட்டேனின் இயல்பைத் தெரிந்துகொள்ளாமல் இவ்வகை லைட்டரின் எந்தக் கோளாறையும் விளக்க இயலாது. அதன் கொதிநிலை −0.5 டிகிரி செல்சியஸ். அதனோடு சேர்த்து விற்கப்படும் ஐசோபியூட்டேனின் கொதிநிலை −11.7 டிகிரி, புரொப்பேனின் கொதிநிலை −42 டிகிரி. அறை வெப்பநிலை இக்கொதிநிலைகளைவிட மிக அதிகமாக இருப்பதால், மூடிய தொட்டிக்குள் இருக்கும் திரவம் ஓயாமல் ஆவியாக முயன்று சுவர்களை அழுத்திக்கொண்டிருக்கிறது; இவ்வழுத்தமே 'ஆவியழுத்தம்' எனப்படுகிறது. 30 டிகிரி வெப்பத்தில் பியூட்டேனின் ஆவியழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 2.8 மடங்கு என்பதால், சிறிய உலோகத் தொட்டியும் மெல்லிய ரப்பர் வளையமும் அதைத் தாங்கிக்கொள்கின்றன. அதே வெப்பத்தில் புரொப்பேன் வளிமண்டலத்தைப்போல 10 மடங்குக்கும் மேலாக அழுத்தும். புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த சமையல் சிலிண்டரிலிருந்து லைட்டரை நிரப்ப முயல்வது ஏன் ஆபத்து என்பதை இந்த ஓர் ஒப்பீடே காட்டிவிடும். கசிவை அறிவிப்பதற்காகச் சமையல் வாயுவில் சேர்க்கப்படும் மெர்காப்டனின் நாற்றம் சுருட்டில் ஏறிவிடும் என்பது அதற்கு அடுத்த காரணம்.

தொட்டியிலிருந்து வெளிவரும் வாயு, தலைமயிரின் பருமனோடு ஒப்பிடத்தக்க நுண்துளை ஒன்றின் வழியாக மிகுந்த வேகத்தோடு பீய்ச்சப்படுகிறது. அவ்வேகத்தால் சுற்றிலும் அழுத்தம் குறைய, எரிகுழலின் பக்கவாட்டில் உள்ள சிறு துவாரங்களின் வழியே வெளிக்காற்று தானாகவே இழுக்கப்பட்டு வாயுவோடு கலக்கிறது. 1855-ஐ ஒட்டி ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ராபர்ட் புன்சன் ஆய்வுக்கூடத்துக்காக உருவாக்கிய எரிகுழலின் கொள்கையும் இதுவே. பள்ளி ஆய்வகத்தில் புன்சன் அடுப்பைக் கண்டவர்கள் அதன் சிறு பேரப்பிள்ளையாக ஜெட் லைட்டரைக் கொள்ளலாம். ஒரு பங்கு பியூட்டேன் முழுமையாக எரிய ஏறத்தாழ 31 பங்கு காற்று தேவைப்படுகிறது. கலவையில் பியூட்டேனின் அளவு சுமார் 1.8 விழுக்காட்டுக்குக் குறைந்தாலும் 8.4 விழுக்காட்டுக்கு மிகுந்தாலும் எவ்வளவு பொறி பறந்தாலும் அது பற்றாது. இந்தக் குறுகிய எல்லைக்குள் கலவையை நிறுத்துவதே சீரான லைட்டரின் இலக்கணம் என்றும், அதற்கு வெளியே கலவையைத் தள்ளுவன எல்லாம் கோளாறுகள் என்றும் சுருக்கமாகச் சொல்லலாம்.

பொறியை எழுப்பும் பகுதி தமிழ்நாட்டுச் சமையலறைகளுக்குப் புதிதன்று. அடுப்பைப் பற்றவைக்க உதவும் நீண்ட குழாய் வடிவ லைட்டரை அழுத்தும்போது 'டக்' என்று கேட்கும் ஓசையும், ஜெட் லைட்டரின் பொத்தானை அழுத்தும்போது கேட்கும் ஓசையும் ஒரே காரணத்தால் எழுபவை. உள்ளே சுருண்டு இறுகிய ஒரு வில், எல்லை தாண்டியதும் விடுபட்டு ஒரு சிறு சுத்தியலைப் பீங்கான் போன்ற துண்டொன்றின்மீது மோதச் செய்கிறது. அடிபட்ட அத்துண்டின் இரு முனைகளுக்கிடையே பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் ஒரு நொடியின் சிறு பகுதிக்குத் தோன்றுகிறது. சில படிகங்கள் அழுத்தப்படும்போது மின்சாரம் தருகின்றன என்பதை 1880-இல் பியர் கியூரி, ஜாக் கியூரி என்ற சகோதரர்கள் பாரிசில் கண்டறிந்தனர். இவ்விளைவு 'அழுத்தமின் விளைவு' எனப்படும். அம்மின்னழுத்தம் ஒரு கம்பியின் வழியே பொறிமுனையை அடைந்து, அங்கிருந்து சில மில்லிமீட்டர் இடைவெளியைத் தாவி எரிகுழலின் உலோகத்தைத் தொடுகிறது. அத்தாவலே நீலநிறப் பொறியாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

இவ்வளவும் தெரிந்த பின்னர், பழுதுபார்ப்பவர் திருப்புளியைக் கையிலெடுப்பதற்கு முன்பு காதையும் கண்ணையும் பயன்படுத்துகிறார். லைட்டரைக் காதருகே, ஆனால் சுடர்முனை முகத்துக்கு எதிர்ப்புறமாக இருக்குமாறு பிடித்து, பொறி எழாதவாறு பொத்தானைப் பாதியளவு மட்டும் அழுத்தினால் 'ஸ்...' என்ற மெல்லிய சீற்றம் கேட்க வேண்டும். சீற்றம் கேட்காவிட்டால் குறை வாயுவின் பக்கம் உள்ளது. கேட்டால் அப்பக்கம் ஏறக்குறைய நலம். அடுத்து விளக்கை அணைத்துவிட்டு, பொத்தானை முழுவதும் அழுத்திப் பொறியைப் பார்க்க வேண்டும். பொறி எரிகுழலின் வாய்க்கு மேலே குறுக்காகப் பாய்ந்தால் குறை பொறியில் இல்லை. அது பக்கவாட்டில் உடற்பகுதிக்குத் தாவினாலோ தோன்றாமலே போனாலோ குறை அங்கேதான். சீற்றமும் பொறியும் சரியாக இருந்தும் சுடர் நிற்கவில்லை என்றால், எஞ்சுவது கலவையின் விகிதம் ஒன்றுதான். ஒரு நிமிடத்துக்குள் முடியும் இச்சோதனை நூறு வகைக் குழப்பங்களை மூன்று கிளைகளாகப் பிரித்துவிடுகிறது. இக்கட்டுரையாளர் தொழில் பழகிய தொடக்கத்தில் இச்சோதனையைச் செய்யாமலே பிரித்துப்போட்ட லைட்டர்களுள் சில, குறை எதுவுமில்லாதவை என்று பிறகு தெரிந்தும், திரும்பப் பூட்ட இயலாமல் உதிரிபாகப் பெட்டிக்குள் போயின.

கலவையைக் கெடுக்கும் காரணங்களுள் முதலாவது, தொட்டிக்குள் அடைபடும் காற்று. கிணற்று மோட்டாரில் தண்ணீர் ஏறாதபோது 'ஏர் பிடித்துவிட்டது' என்று சொல்வது தமிழ்நாட்டு ஊர்ப்புற வழக்கு. லைட்டருக்கும் அதே சொல் பொருந்துகிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் புதிய லைட்டரின் தொட்டியில் தொடக்கத்திலேயே காற்று இருக்கிறது. பியூட்டேன் கேனின் முனை வால்வில் சரியாகப் பொருந்தாமல் நிரப்பும்போது மேலும் கொஞ்சம் சேர்கிறது. பியூட்டேன் அழுத்தத்தில் திரவமாகச் சுருங்கிக்கொள்ள, காற்று அவ்வாறு சுருங்காமல் தன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதன் அழுத்தமும் பியூட்டேனின் அழுத்தமும் சேர்ந்து கேனின் அழுத்தத்தை எட்டிவிட்டால், தொட்டியில் பாதிகூட நிரம்பாத நிலையிலேயே நிரப்புதல் நின்றுவிடுகிறது. அவ்வாறு நின்றதை 'நிரம்பிவிட்டது' என்று உரிமையாளர் எண்ணிக்கொள்கிறார். பின்னர் பற்றவைக்கும்போது பியூட்டேனோடு காற்றும் துளைக்கு வந்து, குழலில் சேரும் காற்றோடு இதுவும் கூட, கலவை நீர்த்துப்போய்ச் சுடர் 'குப்' என்று தோன்றி அணைகிறது. இதைக் கண்டு மேலும் வாயு ஏற்றுவதும் திருகைக் கூட்டுவதும்தான் பெரும்பாலோர் செய்யும் வேலை. இரண்டுமே குறையை வளர்க்கின்றன.

இதற்கு மருந்து, நிரப்புவதற்கு முன்பு தொட்டியை முற்றாகக் காலிசெய்வது. சுடர்த்திருகை மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி, நிரப்பும் வால்வு மேல்நோக்கி இருக்குமாறு லைட்டரைத் தலைகீழாகப் பிடித்து, வால்வின் நடுத்தண்டைச் சிறு திருப்புளியின் நுனியால் அழுத்தினால், எஞ்சிய வாயு சீற்றத்தோடு வெளியேறத் தொடங்கும். அப்போது கையில் நிகழ்வதைக் கவனிப்பது நல்லது. உள்ளே எஞ்சிய திரவம் கொதித்து ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை லைட்டரின் உடலிலிருந்தே எடுத்துக்கொள்வதால், உலோகம் சில நொடிகளில் சில்லிட்டு, ஈரப்பதம் மிகுந்த நாட்களில் அதன்மேல் பனித்துளி அரும்புகிறது. சீற்றம் மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றும்விடுகிறது. தொட்டி காலியாகிவிட்டது என்று இங்கே முடிவுகட்டுவது தவறு. திரவம் தன் கொதிநிலையை ஒட்டிக் குளிர்ந்துவிட்டதால் அழுத்தம் இல்லாமல் போயிற்றே ஒழிய, வாயு இன்னும் உள்ளே இருக்கிறது. லைட்டரைக் கீழே வைத்துவிட்டு, அது அறைவெப்பத்துக்குத் திரும்பிய பின்னர் மீண்டும் அழுத்தினால் சீற்றம் புதிதாகக் கேட்கும். இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ அழுத்தியும் ஓசையின்றி இருக்கும்போதுதான் தொட்டி உண்மையாகவே காலியாகிறது.

நிரப்பும்போதும் லைட்டர் தலைகீழாகவே இருக்க, கேன் அதற்கு மேலே கவிழ்ந்து செங்குத்தாக நிற்க வேண்டும். அப்போதுதான் கேனின் அடியில் தங்கும் திரவம் வாய்ப்பக்கம் வந்து தொட்டிக்குள் இறங்கும். கேன் சற்றே வெதுவெதுப்பாகவும் லைட்டர் குளிர்ந்தும் இருந்தால் அழுத்த வேறுபாடு கூடித் திரவம் எளிதாக இறங்குகிறது என்பதால், தேர்ந்தவர்கள் கேனைச் சிறிதுநேரம் உள்ளங்கைகளுக்கிடையே வைத்திருக்கிறார்கள். அதற்குமேல் சூடேற்றுவது எக்காரணத்தாலும் கூடாது. ஊன்றிய அழுத்தத்தோடு மூன்று முதல் ஐந்து நொடிகள் போதும். கேனைக் குத்திக்குத்தி எடுப்பது காற்றை உள்ளே அனுப்பும் வழியாகும். லைட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 9994 என்ற பன்னாட்டுத் தரவிதி, தொட்டியின் கொள்ளளவில் திரவம் 85 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரையறுப்பது, வெப்பத்தில் திரவம் விரிவதற்கு இடம் வேண்டும் என்பதற்காக. நிரப்பிய உடனே பற்றவைக்காமல் ஐந்து நிமிடமாவது காத்திருப்பதற்குக் காரணம் இரண்டு: குளிர்ந்த திரவம் தன் அழுத்தத்தை மீட்டுக்கொள்ள வேண்டும், வால்வைச் சுற்றிச் சிந்தியது ஆவியாகிக் கலைய வேண்டும்.

கேனின் மேல் 'ஐந்து முறை வடிகட்டியது', 'ஒன்பது முறை வடிகட்டியது' என்று அச்சிடப்பட்டிருப்பதை நம்புவதைவிட, கண்ணாடித் துண்டு ஒன்றில் சோதிப்பது நம்பகமானது. நன்கு துடைத்த கண்ணாடியின்மீது ஒரு நொடி அளவுக்குத் திரவத்தைத் தெளித்தால், அது வெண்ணிறமாகப் பொங்கிச் சில கணங்களில் மறைந்துவிடும். கண்ணாடியின் ஈரம் காய்ந்த பிறகு அதை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்க்கும்போது எதுவும் தெரியாவிட்டால் வாயு தூயது. விளிம்பில் வானவில் நிறம் காட்டும் ஒரு வளையம் எஞ்சியிருந்தால், அவ்வளவு எண்ணெயும் ஒவ்வொரு முறையும் துளையை நோக்கித்தான் பயணம் செய்கிறது. அவ்வாறு படிந்த பிசினால் சீற்றம் மெலிந்து, சுடர் குட்டையாகி ஒரு பக்கம் சாய்கிறது. தொழில் கற்பவர்கள் பலரும் இவ்விடத்தில் தையலூசியால் துளையைக் குத்திப் பார்க்கிறார்கள். மென்மையான உலோகத்தில் அமைந்த அந்நுண்துளை சிறிதளவு அகன்றாலும் கலவை நிரந்தரமாகக் கெட்டு, நீலச்சுடர் மஞ்சளாகப் புகைவிடத் தொடங்குகிறது. சரியான முறை, தொட்டியைக் காலிசெய்த பின்னர் எரிகுழலுக்குள் அழுத்தக்காற்றைப் பாய்ச்சுவதும், அதற்கும் அசையாத படிவை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து மீண்டும் காற்றடிப்பதும், முற்றிலும் உலர்ந்த பின்னரே வாயு ஏற்றுவதும் ஆகும்.

சுடர்த்திருகு பற்றிய பிழை எதிர்பாராத திசையில் அமைகிறது. சுடர் வராதபோது '+' குறியை நோக்கித் திருப்புவது இயல்பான எண்ணம். ஆனால் ஜெட் லைட்டரில் வாயு மிகுந்தால் சுடர் வராமல் போவதே அதிகம். பியூட்டேன்-காற்றுக் கலவையில் தீ பரவும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 40 செ.மீ. அளவே. கலவை அதைவிட மிக விரைவாகப் பாயும்போது, தீ பின்னோக்கிப் பரவி முனையில் ஒட்டிக்கொள்ள முடியாமல் மேலே தூக்கி எறியப்பட்டு அணைகிறது. உரத்த சீற்றமும் சரியான பொறியும் இருந்தும் சுடர் இல்லாத லைட்டரின் மர்மம் பெரும்பாலும் இதுதான். திருகை முழுவதும் குறைத்துவிட்டு, கால் சுற்றுக்கும் குறைவான அளவுகளில் கூட்டிக்கொண்டே வந்து, சுடர் ஒட்டி நிற்கும் இடத்தில் விட்டுவிட வேண்டும்.

பொறியின் பக்கம் குறை இருக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பொறிமுனைக் கம்பியின் வளைவு. கீழே விழுந்த லைட்டர்களில் அது சற்றே விலகி, பொறி வாயுத்தாரைக்கு வெளியே பாய்ந்துகொண்டிருக்கும். பல்குத்தும் குச்சி போன்ற மின்கடத்தாப் பொருளால் மெல்லத் தள்ளி, கம்பியின் நுனியைக் குழலின் வாய்க்கு நேரே கொண்டுவந்தால் போதும். கம்பியின்மீது கரிப்படிவு இருந்தால் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு அதை நீக்கிவிடும். 'டக்' என்ற ஓசையே சோர்ந்து ஒலித்தால் சுத்தியல் பொதி தேய்ந்துவிட்டது என்று பொருள். அதைப் பிரித்துச் சரிசெய்ய முயல்வதைவிட, முழுப் பொதியையும் மாற்றுவதே அறிவுடைமை. இரண்டு, மூன்று, நான்கு தாரைகள் கொண்ட லைட்டர்கள் பார்வைக்குக் கம்பீரமானவை என்றாலும், ஒவ்வொரு தாரைக்கும் தனித்தனித் துளை இருப்பதால், அடைபடும் இடங்களும் வாயுச் செலவும் அதற்கேற்பப் பெருகுகின்றன.

நிரப்பிய மறுநாளே காலியாகிவிடும் லைட்டரில் குறை ரப்பர் வளையத்தில் இருக்கும். வால்வுப் பகுதியில் சோப்பு நீரைத் தடவி, குமிழி எழும் இடத்தைக் கண்டு, அங்குள்ள 'ஓ-ரிங்' எனப்படும் வளையத்தை மாற்ற வேண்டும். கிடைத்த வளையத்தைப் போட்டுவிடுவது இங்கே எடுபடாது. இயற்கை ரப்பரும் சிலிக்கோன் ரப்பரும் பியூட்டேனில் ஊறி உப்பிவிடும் என்பதால், நைட்ரைல் அல்லது விட்டான் ரப்பரில் செய்த வளையமே நிலைக்கும்.

கருவியில் குறையே இல்லாமல் இடத்தால் வரும் தடங்கலும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் வளியழுத்தம் சமவெளியின் அழுத்தத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கே. அங்கே குழலுக்குள் இழுபடும் காற்றில் ஆக்சிஜன் குறைய, சென்னையில் ஒழுங்காக எரிந்த லைட்டர் பற்ற மறுக்கிறது. திருகைக் குறைத்தால் கலவை மீண்டும் எல்லைக்குள் வருகிறது. குளிர்காலக் காலையில் திரவத்தின் ஆவியழுத்தமும் தாழ்ந்துவிடுவதால், சற்றுநேரம் சட்டைப்பையில் வைத்து உடல்வெப்பம் ஏற்றிய பிறகே பற்றவைக்க முடியும். இதற்கு நேர்மாறாக, வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகை லைட்டருக்கு மிகக் கொடிய இடம். 50 டிகிரியில் பியூட்டேனின் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. பியூட்டேன் வாயு காற்றைப்போல இருமடங்கு கனமானது. கசிந்தால் மேலெழுந்து கலையாமல் தரையோரம் தேங்கும். எனவே காலிசெய்வதையும் நிரப்புவதையும் அடுப்போ விளக்கோ எரியாத, காற்றோட்டமுள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். அமெரிக்க விமானங்களில் ஜெட் லைட்டர் கைப்பையிலும் சரக்குப் பையிலும் தடைசெய்யப்பட்டிருப்பதை இவ்வியல்புகளோடு சேர்த்துப் பார்த்தால் வியப்பு ஏற்படாது.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத் தீப்பெட்டித் தொழிலைக் காக்கும் பொருட்டு, 20 ரூபாய்க்குக் குறைந்த இறக்குமதி மதிப்புள்ள லைட்டர்களுக்கு 2023 ஜூனில் இந்திய அரசு தடை விதித்தது. 2024-இல் லைட்டரின் உதிரிபாகங்களையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. அதன் பின்னர், கழித்துப்போட்ட லைட்டரின் சுத்தியல் பொதியும் வளையமும் வில்லும்கூடப் பழுதுபார்ப்பவரின் பெட்டியில் பத்திரமாகச் சேர்ந்துவருகின்றன. மாற்றுவதற்குப் பாகம் கிடைப்பது அரிதாகும்போது, பிரிக்காமலே குணப்படுத்தும் முறைகளின் மதிப்பு உயர்கிறது.

வேலை முடிந்த லைட்டரைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பு பழுதுபார்ப்பவர் அதை ஒருமுறை பற்றவைத்து, ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் எரியவிடாமல், சுடரின் கூர்நுனி சுருட்டைத் தொடாத தொலைவில் வைத்து வெட்டுமுகத்தை வட்டமாக வாட்டும் முறையை உரிமையாளருக்குக் காட்டுகிறார். நீண்டநேரம் எரியும் சுடர் முதலில் சுடுவது தன் சொந்த ரப்பர் வளையத்தைத்தான் என்பதும் அப்போது சொல்லப்படுகிறது. பெரும்பாலான வேளைகளில் அந்த லைட்டரில் ஒரு பாகமும் மாற்றப்பட்டிருக்காது. 'என்ன மாற்றினீர்கள்?' என்ற கேள்விக்கு 'உள்ளே இருந்த காற்றை எடுத்தேன், அவ்வளவுதான்' என்று சொல்லும்போது, கூலி கொடுப்பவர் ஒரு கணம் தயங்குவதும் இத்தொழிலின் வழக்கமான காட்சிகளுள் ஒன்று.